யாருடைய பாட்டன்?

மூதாதையரைத் தேடி அலைகிறவர்களைப் பற்றி என் நண்பர் ஒருவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியைப் பழைய அடங்கல்களிலும் சிட்டாக்களிலும் கழித்தவர். "உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்ற மாட்டான். நூறு வருஷத்துக்கு முந்திச் செத்த பூட்டனுக்காக ஊர் ஊராய்த் திரிவான். இதற்குப் பெயர் பாசமா, பைத்தியமா? நீர் கதை எழுதுகிறவர், சொல்லும் ஓய்!" என்று கேட்பார்.

இப்படிக் கேட்ட அதே மனிதர்தான் பிறகு ஒரு பூட்டனைத் தேடிக்கொண்டு பங்குனி மாத வெயிலில் என்னோடு மூன்று நாள் அலைந்தார். அந்தப் பூட்டன் அவருக்கு உறவு அல்ல, எனக்கும் அல்ல. ஆகவே கேள்வி இரண்டாகிறது. இறந்துபோனவர்களை ஏன் தேட வேண்டும் என்பது ஒன்று. பிறத்தியார் வீட்டில் இறந்துபோனவர்களை நாம் ஏன் தேட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவதும் ஓரளவு விளங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விஷயம் இதுதான். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்திலிருந்து ஓர் அம்மாள், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, பொதுவான சிநேகிதர் ஒருவர் மூலமாக ஒரு காகிதத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய பூட்டனார் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியபோது எழுதப்பட்ட பதிவின் நகல் அது. 1860ஆம் வருஷம் நவம்பர் 16ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. மாட்டைச் சந்தையில் வாங்குகிறவன் பார்க்கும் அடையாளங்கள் அத்தனையும் உண்டு. மனிதனை அறிந்துகொள்ள வேண்டிய அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு இந்த மண்ணில் வேறு பற்றுக்கோடும் இல்லை.

அம்மாள் அனுப்பிய வரியில் ஜில்லா திருநெல்வேலி. தாலுகா தென்கரை. கிராமத்தின் பெயர் மட்டும் எந்தத் தமிழனும் வாயில் நுழைக்க முடியாதபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. தென்கரை என்பது ஏதோ ஓர் ஊர் என்று நினைத்து அவருடைய உறவினர் ஒருவர் இரண்டு வருஷம் தேடியிருக்கிறார். என் நண்பர் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார். தாமிரபரணியின் கீழ்ப் பகுதியில், ஸ்ரீவைகுண்டத்தையும் திருச்செந்தூரையும் சுற்றிய பிரதேசத்துக்குப் போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென்கரைத் தாலுகா என்று பெயர். பிறகு அந்தப் பெயர் மறைந்துவிட்டது. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவும் அப்படியே இல்லை. 1910இல் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரத்தோடு போயின. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. 2019இல் தென்காசி பிரிந்தது. பூட்டனார் புறப்பட்ட ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் நான்கு துண்டாகத்தான் பார்க்க முடியும். மனிதன் ஊரை விட்டுப் போகிறான். ஊரும் தன் பெயரை விட்டுப் போய்விடுகிறது.

கிராமத்தின் பெயரைக் கண்டுபிடித்தவர் நாங்கள் இருவரும் அல்லர். சர்ச் ஒன்றில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர். "இதைக் கண்ணால் படிக்காதீர்கள் ஐயா, காதால் படியுங்கள்" என்றார். எழுதியவன் ஆங்கிலேயனோ, ஆங்கிலம் கற்ற வேற்றூர்க் குமாஸ்தாவோ. சொன்னவன் எழுத்தறியாத உழவன். நமது ழகரம் அவன் காதில் ஒரு சமயம் லகரமாக விழும், ஒரு சமயம் ரகரமாக விழும், ஒரு சமயம் விழாமலே போகும். முதியவர் அந்தச் சொல்லைப் பத்துத் தடவை வாய்விட்டுச் சொன்னார். பத்தாவது தடவையில் அது நாங்கள் மூவரும் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கும் ஊராக மாறிவிட்டது. அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

பதிவேட்டில் பெயர் இருக்கிறதே, ஊரும் தெரிந்துவிட்டதே, இனி என்ன கஷ்டம் என்று வாசகர் நினைக்கலாம். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத் தலைக்குமேல் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடுகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். பாட்டனின் பெயரைத் தாங்கினவன். ஆக, சுடலையின் மகன் முத்து, முத்துவின் மகன் சுடலை, அந்தச் சுடலையின் மகன் முத்து என்று ஒரு குடும்பம் நூறு வருஷம் இரண்டே பெயரில் காலம் தள்ளிவிடும். சுடலை, இசக்கி, பேச்சி, நெல்லையப்பன், காந்திமதி, ஆவுடையப்பன், உலகம்மாள் என்று திருநெல்வேலிப் பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தெருவில் நின்று "சுடலை!" என்று கூப்பிட்டால் ஐந்து வாசலில் ஐந்து தலை தெரியும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். வேல்ஸ் தேசத்தாரைப் பற்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறிற்று. அவர்களும் பழங்காலத்தில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் அல்லர். இன்னாருக்கு மகன் இன்னார், அவருக்கு மகன் இன்னார் என்று தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போவார்கள். மகன் என்பதற்கு அவர்கள் பாஷையில் 'ஆப்' என்று சொல்வார்கள். ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று. ஆப் ஹவல் என்பது பவல் ஆயிற்று. ஆங்கில ஆட்சியின் கீழ் மெள்ள மெள்ளத் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக நிலைநிறுத்திக்கொண்டபோது ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ், தாமஸ் என்று சில பெயர்களிலேயே தேசம் முழுவதும் அடங்கிவிட்டது. ஒரே கிராமத்தில் பத்து ஜோன்ஸ் இருந்தால் என்ன செய்வது? பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கார ஜோன்ஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம் பக்கத்தில் கருப்பட்டிக் கந்தன், வண்டிக்காரச் சுடலை என்று சொல்வதில்லையா, அதே மாதிரிதான்.

அந்தத் தேசத்தார் வம்சாவளியில் காட்டிய சிரத்தையும் நம்முடையதைப் போன்றதே. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே சுற்றிப் பார்த்து எழுதிய ஜெரால்டு என்ற பாதிரியார், சாதாரணக் குடியானவன்கூட ஆறேழு தலைமுறைக்குத் தன் முன்னோர்களை ஒப்பிப்பான் என்று வியந்திருக்கிறார். காரணம் வெறும் பெருமை அல்ல. ஒருவன் கொலை செய்துவிட்டால் அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய தொகையில் தூரத்துப் பங்காளிகளுக்கும் பங்கு உண்டு என்பது அவர்களுடைய பழைய சட்டம். யார் பங்காளி என்று தெரியாதவன் எதற்குப் பொறுப்பாளி என்றும் தெரியாதவன். இந்தச் சட்டத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முன்னோரை அறிவது பாத்தியதைக்காக மட்டுமல்ல, பொறுப்புக்காகவும்தான் என்ற ஒரு நல்ல எண்ணம் அதில் இருக்கிறது.

வேல்ஸ் தேசம் நமக்கு அவ்வளவு தூரமும் அல்ல. தேரிக்காட்டு மணலுக்கும் பனைகளுக்கும் நடுவே மெஞ்ஞானபுரத்தில் உயர்ந்து நிற்கும் கோபுரத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1837 முதல் 1870இல் கண்மூடும் வரையில் அங்கே ஊழியம் செய்து, அங்கேயே அடக்கமான ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ்காரர். வேல்ஸ் தேசத்தில் போய் ஜான் தாமஸ் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் அகப்படுவார்கள். மெஞ்ஞானபுரத்துத் தாமஸ் என்றால் ஒருவர்தான். தாம் பிறந்த தேசம் தனித்துச் சொல்ல முடியாத பெயரை நம் பனங்காடு தனித்துச் சொல்கிறது. அதேபோல நேட்டாலுக்குப் போன நம் சுடலைகளையும் முத்துகளையும் அங்கே உள்ள எண்தான் தனித்துச் சொல்கிறது.

இதனால் ஒன்று ஏற்படுகிறது. பெயர் போதாத இடத்தில் காகிதமும் போதாது. பத்து ஜோன்ஸில் எந்த ஜோன்ஸ், ஐந்து சுடலையில் எந்தச் சுடலை என்பதை அக்கம்பக்கத்தார்தான் சொல்ல முடியும். தன் பாட்டனைத் தானே கண்டுபிடித்தேன் என்று ஒருவரும் சொல்லிக்கொள்ள முடியாது. தன் வீட்டு வரலாற்றின் சாவி பிறர் வீட்டில் இருக்கிறது.

எங்கள் ஜில்லாவில் அந்தச் சாவி பெரும்பாலும் சாஸ்தா கோயிலில் இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமையில் பஸ்களும் வண்டிகளும் நிரம்பி வழியும். எல்லோரும் ஒரே கோயிலுக்குப் போவதில்லை. அவரவர் குடும்பத்துச் சாஸ்தா எந்தக் குளக்கரையில், எந்த வயற்காட்டில், எந்தத் தேரியில் இருக்கிறாரோ அங்கே போவார்கள். குடும்பம் பம்பாயில் இருந்தாலும் சாஸ்தா இடம் மாற மாட்டார். தாத்தாவின் தாத்தா குடியிருந்த இடத்தை அவர் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம் சாஸ்தா யாரென்று மறந்துபோனவர்கள் காரையாற்றுக் காட்டில் உள்ள சொரிமுத்தையனாரைக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மறதிக்கும் இடம் ஒதுக்கி வைத்த பெரியவர்களின் கருணையை என்னவென்பது!

எங்கள் பூட்டனாரின் தடயமும் அப்படி ஒரு சாஸ்தா கோயிலில்தான் கிடைத்தது. தலைக்கட்டு வரி எழுதிய பழைய நோட்டில் அவர் தகப்பனார் பெயர் இருந்தது. பூசாரி, "அந்த வகையறாவில் ஒருவன் கப்பலுக்குப் போனதாகச் சொல்லுவாக. அதோ, அந்த இடத்துக்குக் கப்பக்காரன் விளை என்றுதான் பேரு" என்று ஒரு தரிசு நிலத்தைக் காட்டினார். எதனால் அந்தப் பெயர் என்று அந்த ஊர் இளைஞர்களுக்குத் தெரியாது. இடத்தின் பெயர் மட்டும் நூறு வருஷத்துக்குமேல் ஒரு மனிதனை நினைவில் வைத்திருந்தது. என் நண்பர் அந்த முள்ளுக்காட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அவர் உத்தியோக காலத்தில் அந்த நிலத்தின் சர்வே நம்பரை எத்தனையோ தடவை எழுதியிருப்பார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இல்லை. டர்பன் அம்மாளின் குடும்பத்தில் தலைமுறையாக ஒரு கதை சொல்லி வந்திருக்கிறார்கள். பூட்டனார் பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. சொத்துத் தகராறில் தமையனோடு கோபித்துக்கொண்டு கப்பலேறினார் என்பது அந்தக் கதை. ஊரில் கிடைத்த செய்தி வேறு. அவர் பண்ணை வீட்டுப் பிள்ளை அல்ல. பண்ணையில் கடனுக்குக் கட்டுப்பட்ட ஆள். ஒரு ராத்திரி யாருக்கும் சொல்லாமல் ஊரை விட்டு ஓடினார். ஓடும்போது மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடினார். கப்பல் பதிவில் அவருக்கு அடுத்த எண்ணில் மனைவி என்று குறிக்கப்பட்டிருந்த பெண் வேறொரு தாலுகாக்காரி. சென்னையில் கூலிகளைச் சேர்த்து வைக்கும் டிப்போவிலே பழக்கமானவளாக இருக்க வேண்டும். அவள்தான் டர்பன் அம்மாளின் பூட்டி. இங்கே விடப்பட்ட குழந்தையின் சந்ததியார் அதே ஊரில் இருக்கிறார்கள். அந்த வீட்டு மனிதர் ஒருவர் எங்களிடம், "ஓடிப்போனவனுக்கு நாங்க எதுக்கு ஐயா வாரிசு? அவுக வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி என்ன செய்வது? நண்பர் தீர்மானமாகச் சொன்னார்: "ஊர் கிடைத்தது, சாஸ்தா கிடைத்தார் என்று எழுதும். மற்றதை விட்டுவிடும். ஒரு பொய்ப் பெருமையால் யாருக்கு என்ன நஷ்டம்? சமுத்திரத்துக்கு அப்பால் ஒரு கிழவி தன் பூட்டன் பண்ணையார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாய் இருந்துவிட்டுப் போகட்டும்." கருணையுள்ள வாதம். பதிவேட்டு முதியவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பதிவேட்டில் அடித்தல் திருத்தல் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது ஐயா. அவுக கேட்டதை அவுகளுக்குச் சொல்லணும். அவுக கேளாத மற்றவர்களுக்குச் சொல்லக்கூடாது. இது இரண்டும்தான் எனக்குத் தெரிந்த நீதி" என்றார்.

அவர் சொன்னதில் உள்ள நியாயத்தை நான் பிறகு பலவிதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னொருவருடைய முன்னோரைப் பற்றி நமக்குத் தெரியவரும் உண்மை, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நகை மாதிரி. அது பித்தளை என்று தெரிந்தாலும் அதை மாற்றிப் பொன்னாக்கித் தர நமக்கு உரிமை இல்லை. தெருவில் போட்டுப் பரப்பவும் உரிமை இல்லை. உடையவரிடம் அப்படியே சேர்ப்பிக்க வேண்டும். பொய்ப் பெருமையால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதும் சரியல்ல. நஷ்டமடைந்தவள் ஒருத்தி இருக்கிறாள். கைக்குழந்தையோடு விடப்பட்டவள். பண்ணையார் கதை நிலைக்க வேண்டுமானால் அவள் பிறக்கவே இல்லை என்று ஆக வேண்டும். உயிரோடிருந்தபோது ஒருவன் அவளைக் கைவிட்டான். இறந்த பின்பு நாமும் ஒருமுறை கைவிட வேண்டுமா?

எழுதினேன். ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் எழுதினேன். ஜாதிப் பத்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்த்தேன். கப்பலில் ஒரே பாத்திரத்தில் சோறு வாங்கித் தின்றவர்கள் பல ஜாதியார். கப்பலில் கூட வந்தவன் என்ற உறவே அத்தேசங்களில் இரத்த உறவைப் போல மதிக்கப்பட்டிருக்கிறது. கடனையும் ஜாதியையும் சேர்த்து உதறிவிடுவதற்காகவே ஒருவன் கடலைத் தாண்டியிருக்கலாம். அவன் இறக்கி வைத்த சுமையை அவனுடைய பேத்தி தலையில் நாம் தூக்கி வைக்கக்கூடாது என்று எனக்குப் பட்டதை எழுதினேன்.

பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. அம்மாள் தம் பூட்டனாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இங்கே விடப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. டர்பன் பூட்டிக்கு ஓர் எண் இருக்கிறது. அவள் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் நின்ற அந்த ஏற்பாடு, கூலிக் கணக்குக்காகவேனும் பெண்ணைத் தனியாக ஒரு வரியில் எழுதிற்று. நம் தலைக்கட்டு நோட்டில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. பெண் பிறந்த வீட்டுச் சாஸ்தாவை விட்டுப் புகுந்த வீட்டுச் சாஸ்தாவிடம் போய்விடுகிறாள். இரண்டு இடத்திலும் அவள் பெயர் எழுதப்படுவதில்லை. பாளையங்கோட்டையில் 1780ஆம் வருஷத்திய கிறிஸ்தவச் சபைப் பட்டியல் 40 பேர் கொண்டது. அதில் முதலில் நிற்கும் பெயர் குளோரிந்தா என்ற விதவையினுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணப் பெண். 1778இல் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். கோயில் கட்டியவர், கிணறு வெட்டியவர். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்பார்கள். ஒரு பெண்ணின் பெயர் நம் ஏட்டில் ஏற அவள் கோயிலும் கட்டிக் கிணறும் வெட்ட வேண்டியிருந்தது. சாதாரணப் பெண்ணுக்கு ஏடு ஏது?

ஆனால் பெயர் கிடைத்தது. கோயில் நோட்டிலிருந்து அல்ல. மண்வெட்டியோடு போய்விட்ட அந்த மனிதர் வீட்டுக்குள்ளிருந்து. அவருடைய வயதான தாயார் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். மாமியாருக்கு மாமியார் சொல்லி, மாமியார் சொல்லி, அந்த ஆச்சிக்கு வந்து சேர்ந்த பெயர் அது. எதற்காக நினைவில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "நாலு வீட்டில் நெல்லுக் குத்தி அந்தப் பிள்ளையை வளர்த்தாளே ஐயா, மறக்கலாமா?" என்றார். அந்தப் பெயர் டர்பனுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் அங்கே பிறந்த ஒரு குழந்தைக்கு அதையே வைத்திருக்கிறார்கள். இங்கே உள்ள குடும்பத்தார் தங்கள் கதை தெருவில் பேசப்படுவதை விரும்பவில்லை. ஆகவே ஊர் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் நான் எழுதவில்லை. பதிவேட்டு முதியவரின் இரண்டாவது நீதி அது.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். பிறத்தியார் முன்னோரை நாம் ஏன் தேட வேண்டும்? கல்யாண வீட்டில் மொய் எழுதினால் அது நம் வீட்டுக் கல்யாணத்தில் திரும்பி வரும். அதற்குக் கணக்கு நோட்டு உண்டு. இந்தத் தேடலில் கொடுத்தது கொடுத்த இடத்துக்குத் திரும்புவதில்லை. வேல்ஸிலிருந்து ஒருவர் கல்லறைப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதியபோது நம் பதிவேட்டு முதியவர் படம் எடுத்து அனுப்பினார். அந்த வேல்ஸ்காரர் லண்டனுக்குப் போய், சென்னையிலிருந்து அக்காலத்தில் ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளின் பிரதிகளைப் புரட்டி, முன்பின் தெரியாத பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு விவரம் தேடிக் கொடுத்தார். முதியவர் டர்பன் அம்மாளுக்கு ஊரைக் கண்டுபிடித்தார். டர்பன் அம்மாள் இப்போது விசாகப்பட்டினத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்றுக்காகப் பழைய பதிவேடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறார். யாரும் யாருக்கும் கடனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முன்னே தள்ளிவிட்டுக்கொண்டே போகிறார்கள்.

நம் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, இறக்கி வைக்காமலே போன அவள் சுமைக்கு ஈடாக, வழியிலே போகிறவன் தன் சுமையை இறக்கி வைக்க நட்ட கல் அது. தன் வீட்டுச் சாவு பிறர் தோளுக்கு ஆறுதலாக மாறுகிறது. தேடுகிறவர்களின் இந்தக் கூட்டமும் அப்படிப்பட்டதுதான். திருவள்ளுவர் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து கடமைகளைச் சொல்லும்போது இறந்த முன்னோரை முதலில் வைத்து, அப்புறம் தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்று வரிசைப்படுத்தினார். முன்னோரைத் தேடி ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால் முன்னோர், விருந்து, சுற்றம் என்று ஐந்தில் மூன்று கடமை ஒரே ஆளாக வந்து நிற்கிறது. கதவைச் சாத்த முடியுமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1948இல் இலங்கை சுதந்தரம் பெற்ற கையோடு பிரஜா உரிமைச் சட்டம் ஒன்று செய்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ காட்டினால் பிரஜை, காட்டாவிட்டால் இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் போய் மலையைத் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகளிடம் பாட்டன் பிறந்த சீட்டு ஏது? லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று ஆனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மற்றவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியவர்களின் குறையைத் தீர்க்க 2003ஆம் வருஷம் வரையில் சட்டம் வர வேண்டியிருந்தது. பாட்டனைத் தேடு என்று மனசு சொல்வது ஒன்று. பாட்டனைக் காட்டு என்று வாசற்காவல்காரன் கேட்பது வேறொன்று. ஜாதி கேட்கிறவனும் பாட்டனைக் காட்டு என்றுதான் கேட்கிறான். முன்னது தொலைந்தவனை வீட்டுக்குள் அழைக்கிறது. பின்னது இருப்பவனை வெளியே தள்ளுகிறது. வம்சாவளி என்ற கத்தி பழம் நறுக்குவதும் கழுத்தறுப்பதும் பிடித்த கையைப் பொறுத்தது.

அந்தக் கை பிசகாமல் இருக்க ஒரு சின்னக் கணக்குப் போதும் என்று நினைக்கிறேன். நமக்குப் பெற்றோர் இருவர்; பாட்டன் பாட்டிகள் நால்வர்; பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 பேர்; இருபது தலைமுறையில் பத்து லட்சத்துக்கு மேல். நம்முடைய முறைப்பெண் கல்யாணங்களால் ஒரே ஆள் பல இடத்தில் பாட்டனாக வந்து இந்தத் தொகை குறையும் என்பது மெய்தான். ஆனாலும் இந்த ஆற்றங்கரையில் யார் பாட்டன் யாருக்குப் பாட்டன் இல்லை என்று அறுதியிட்டுச் சொல்ல யாரால் முடியும்? ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டி எடுத்த தாழிகளுக்குள் இருந்த எலும்புகளுக்கு ஜாதிப் பத்தி கிடையாது. அவர்களை என் பாட்டன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு உரிமையோ, மண்வெட்டியோடு போனவருக்கும் டர்பன் அம்மாளுக்கும் அவ்வளவு உரிமை உண்டு.

ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் தாமிரபரணிக் கரையில் தர்ப்பணம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தகப்பன் வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை என்று பெயர் சொல்லித் தண்ணீர் விடுவார்கள். அதற்குமேல் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று சாஸ்திரமும் வற்புறுத்தவில்லை. எல்லாம் ஆன பிறகு கடைசியாக ஒரு கை தண்ணீர் உண்டு. தாயோ தகப்பனோ உறவோ இல்லாமல், தண்ணீர் விட ஒருவரும் இல்லாமல் போனவர்களுக்காக விடுவது அது. அதற்குப் பெயர் சொல்ல வேண்டாம், குலம் சொல்ல வேண்டாம். என் நண்பர் கேட்ட கேள்விக்கு அந்தக் கடைசிக் கை தண்ணீரைவிட நல்ல விடை எனக்கு அகப்படவில்லை. நம் ஆட்களுக்கு விடும் தண்ணீரில் கொஞ்சம் பெருமை கலந்திருக்கலாம். முன்பின் அறியாதவர்களுக்கு விடும் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். அதனாலேயே அது எல்லோருக்கும் போய்ச் சேரும்.